இருட்டில் எழுத்து தெரியுமா? ஒளிரும் கீபோர்டுக்கு ஒரு வீட்டுச் சோதனை!

எலெக்ட்ரானிக்ஸ் கடையில் கீபோர்டு வரிசைக்கு முன்னால் நிற்கும் பிள்ளைகளின் கை தானாக நீள்வது, வானவில் நிறத்தில் மின்னும் கீபோர்டை நோக்கித்தான். அப்பாவும் நாலு தட்டு தட்டிப் பார்ப்பார். 'எல்லா கீயும் வேலை செய்யுது சார்' என்பார் கடைக்காரர். பில் போட்டாயிற்று.

இதில் ஒரு வேடிக்கை. இருட்டில் பயன்படுவதற்காகவே விளக்கு வைத்த பொருளை, டியூப் லைட்டுகள் வரிசையாக எரியும் கடையில், பட்டப்பகல் வெளிச்சத்தில் சோதித்து வாங்குகிறார்கள். டார்ச் லைட்டை நடு வெயிலில் அடித்துப் பார்ப்பது போலத்தான் இது. அந்தக் கீபோர்டின் உண்மையான குணம் தெரிவது, வீட்டுக்கு வந்து இரவில் விளக்கை அணைத்த பிறகுதான்.

ஒளிரும் கீபோர்டு என்றால் வீடியோ கேம் விளையாடும் பையன்களின் ஆடம்பரம் என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. ஒரே அறையில் நாலு பேர் படுக்கும் வீட்டை நினைத்துப் பாருங்கள். பரீட்சைக்குத் தயாராகும் மகளுக்கு அறை விளக்கைப் போடும் உரிமை பத்து மணியோடு முடிந்துவிடுகிறது. வெளிநாட்டு நேரத்துக்கு வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவருக்கும் அதே சிக்கல். நாற்பதைத் தாண்டி வெள்ளெழுத்து வந்தவர்களுக்கோ, கறுப்பு கீயில் தேய்ந்துபோன எழுத்தைத் தேடுவதே ஒரு வேலை. இவர்களுக்கு அந்த விளக்கு தேவை. தேவைக்கு வாங்குபவர்கள்தான் ஏமாறவும் கூடாது.

இந்த யோசனை புதிதல்ல. ஆப்பிள் நிறுவனம் 2003 ஜனவரியில் அறிமுகப்படுத்திய 17 அங்குல பவர்புக் லேப்டாப்பில் கீபோர்டுக்கு அடியில் விளக்கு இருந்தது. அறையில் வெளிச்சம் குறைந்தால் அதுவே எரியும். 2010-ல் வந்த மேக்புக் ஏரில் அந்த விளக்கை எடுத்துவிட்டார்கள். அடுத்த ஆண்டே திரும்ப வைத்தார்கள். திங்க்பேட் லேப்டாப்களில் வேறொரு வழி. திரையின் மேல் விளிம்பில் ஒரு சின்ன எல்.இ.டி. விளக்கு, அது மேலேயிருந்து கீபோர்டின் மீது வெளிச்சம் அடிக்கும். பார்ப்பதற்குப் பிரமாதமாக இருக்காது. ஆனால் அதில் ஒரு சூட்சுமம் இருந்தது.

ஒளிர்வது எழுத்தா, இடைவெளியா?

புதுக் கீபோர்டு வந்த அன்று இரவே செய்ய வேண்டிய சோதனை இது. அறை விளக்கை அணையுங்கள். கம்ப்யூட்டர் திரையின் வெளிச்சத்தையும் குறையுங்கள். உடனே பார்க்காமல், கண் இருட்டுக்குப் பழகும்வரை பத்து நிமிடம் பொறுங்கள். பிறகு நாற்காலியில் வழக்கமாக எப்படிச் சாய்ந்து உட்காருவீர்களோ, அப்படியே உட்கார்ந்து கீபோர்டைப் பாருங்கள்.

முதலில் கண்ணில் படுவது எழுத்தா, அல்லது கீகளுக்கு நடுவே வழியும் வெளிச்சமா? விலை குறைந்த பல கீபோர்டுகளில் கீகள் உயரமாக, அடிப்பலகையிலிருந்து தூக்கி வைத்தது போல இருக்கும். வெளிச்சம் முழுக்க இடுக்குகள் வழியே வெளியேறி நேராகக் கண்ணில் அடிக்கும். கீபோர்டு மொத்தமும் ஜொலிக்கும், ஆனால் எழுத்தைத் தேட வேண்டியிருக்கும். போட்டோவில் இதுதான் அழகாகத் தெரியும் என்பதால், அட்டைப்பெட்டியில் அச்சாவதும் இதுதான்.

அடுத்து மூலைகள். சாதாரண மெம்பிரேன் கீபோர்டுகளில் ஒவ்வொரு கீயின் கீழும் தனி விளக்கு கிடையாது. சில எல்.இ.டி.க்களின் வெளிச்சத்தை ஒரு பிளாஸ்டிக் தகடு எல்லா இடத்துக்கும் பரப்புகிறது. அதனால் நடுவில் பளிச்சென்றும் ஓரங்களில் மங்கலாகவும் இருக்கக்கூடும். எஸ்கேப், கன்ட்ரோல், என்டர், வலது பக்கத்து எண் பகுதி ஆகியவற்றைத் தனியாகக் கவனியுங்கள். கணக்கு வேலை செய்பவருக்கு எண் பகுதி மங்கினால், மற்றதெல்லாம் ஜொலித்து என்ன பயன்?

ஒவ்வொரு கீயின் கீழும் தனி விளக்கு உள்ள மெக்கானிக்கல் கீபோர்டில் வேறு தொல்லை. பெரும்பாலும் விளக்கு கீயின் மேல்பாதிக்குக் கீழேதான் இருக்கும். எண் வரிசையில் மேலே உள்ள ஆச்சரியக்குறியும் சதவிகிதக் குறியும் பளிச்சென்று எரிய, கீழே உள்ள எண் அழுது வடியும். இதைச் சமாளிக்கத்தான் சில கீபோர்டுகளில் எண்ணையும் குறியையும் பக்கம் பக்கமாக மேல்பாதியிலேயே அச்சிடுகிறார்கள். கடையில் பார்க்கும்போது விசித்திரமாகத் தோன்றும் இந்த அமைப்பு இரவில் கைகொடுக்கும்.

இரவில் ஜெயித்த கீபோர்டு மாலையில் தோற்கலாம். வெள்ளை அல்லது சாம்பல் நிறக் கீயில் வெள்ளை விளக்கு இருந்தால், ஜன்னல் வெளிச்சம் பாதி குறைந்த ஆறு மணிக்கு எழுத்தும் கீயும் ஒரே நிறமாகி, எழுத்து காணாமல் போய்விடும். விளக்கை அணைத்தால் ஓரளவு தெரியும். விளக்கு போட்டால் தெரியாது, அணைத்தால் தெரியும் என்பது கொஞ்சம் அநியாயம்தான். கறுப்பு கீயில் இந்தச் சிக்கல் குறைவு.

நிறமும் அளவும்

நீலம் கடையில் கவர்ச்சி. இருட்டில் அது அவ்வளவு நல்ல பிள்ளை அல்ல. நம் கண் எல்லா நிறத்தையும் ஒரே புள்ளியில் குவிப்பதில்லை. நீலம் விழித்திரைக்குச் சற்று முன்பாகவே குவிகிறது. அதனால் எழுத்தின் விளிம்பு கொஞ்சம் கலங்கித் தெரியும். கண்ணாடி போட்டவர்கள் இதைச் சட்டென்று உணர்வார்கள். மங்கலான வெள்ளையும் மஞ்சள் சாயலும் பலருக்கு வசதி. சிவப்பு வெளிச்சம், இருட்டுக்குப் பழகிய கண்ணை அதிகம் கலைக்காது. ஒரே நிறம் மட்டும் எரியும் கீபோர்டாக இருந்தால், அந்த நிறம் எது என்று வாங்குமுன் கேட்டுவிடுங்கள்.

நிறத்தைவிட முக்கியம், வெளிச்சத்தைக் குறைக்கும் வசதி. 'ஆன், ஆஃப்' இரண்டு மட்டும் இருந்தால் போதாது. பக்கத்தில் தூங்குபவருக்காக விளக்கை அணைத்துவிட்டு, கூரையில் நீல வெளிச்சம் தெறிக்கும் கீபோர்டை வைத்துக்கொள்வதில் அர்த்தமில்லை. குறைந்தது மூன்று அளவாவது வேண்டும். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால், நீங்கள் கடைசியாக வைத்த அளவு நினைவிருக்கிறதா என்றும் பாருங்கள். சில கீபோர்டுகள் ஒவ்வொரு நாளும் தீபாவளி கொண்டாடிக்கொண்டுதான் எழுந்திருக்கும்.

விளக்கைப் போடும் பட்டன் எங்கே என்பதிலும் ஒரு சங்கதி இருக்கிறது. விலை குறைந்த பல மாடல்களில் 'ஸ்க்ரோல் லாக்' கீதான் விளக்கின் சுவிட்ச். விண்டோஸில் ஒழுங்காக வேலை செய்யும். லினக்ஸ் ஓடும் கம்ப்யூட்டரில் செருகினால், பல நேரம் விளக்கு எரியவே எரியாது. 'கீபோர்டு ரிப்பேர்' என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். கடைக்காரரின் விண்டோஸ் கம்ப்யூட்டரில் அது ஜம்மென்று எரியும்!

மின்சாரச் செலவை நினைத்துப் பயப்பட வேண்டாம். சாதாரண யூ.எஸ்.பி. 2.0 இணைப்பு ஒரு சாதனத்துக்குத் தரக்கூடிய உச்ச அளவே 5 வோல்ட், 500 மில்லி ஆம்பியர். அதாவது இரண்டரை வாட். 'ஜீரோ வாட்' என்று பெயர் வாங்கிய பழைய இரவு பல்பு 10 முதல் 15 வாட் வரை குடித்துக்கொண்டிருந்தது.

வயர்லெஸ் கீபோர்டில் மட்டும் கணக்கு மாறும். லாஜிடெக் நிறுவனம் தன் எம்.எக்ஸ். கீஸ் கீபோர்டுக்குச் சொல்லும் கணக்கையே பாருங்கள்: விளக்கோடு 10 நாள் வரை, விளக்கில்லாமல் 5 மாதம் வரை. இவ்வளவுக்கும் கை அருகே வந்தால் மட்டுமே விளக்கு எரியும் ஏற்பாடு அதில் உண்டு. வயர்லெஸ்ஸும் விளக்கும் ஒன்றாக வேண்டுமென்றால், சார்ஜ் போடும் ஒயரை மேஜையிலேயே வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

மியூட் அழுத்தினால் யார் வாய் மூடும்?

மல்டிமீடியா பட்டன்களில் சத்தம் கூட்ட, குறைக்க, மியூட், பாட்டை நிறுத்தித் தொடர, அடுத்த பாட்டு, முந்தைய பாட்டு ஆகியவை விண்டோஸில் தனி சாஃப்ட்வேர் இல்லாமலே வேலை செய்யும். கால்குலேட்டர் பட்டன், மெயில் பட்டன் போன்றவையும் பெரும்பாலும் அப்படியே. 'எங்கள் சாஃப்ட்வேரை இன்ஸ்டால் செய்தால்தான் பட்டன் வேலை செய்யும்' என்று ஒரு கீபோர்டு அடம் பிடித்தால், இன்னொன்றைப் பார்ப்பது நல்லது.

இதில் பலரும் சறுக்கும் இடம் மியூட். ஆன்லைன் வகுப்பிலோ இன்டர்வியூவிலோ இருக்கும்போது சமையலறையில் குக்கர் விசில் அடிக்கிறது. அவசரமாக மியூட் பட்டனை அழுத்துகிறார்கள். நிம்மதியாக வீட்டில் இருப்பவர்களோடு நாலு வார்த்தை பேசுகிறார்கள். அத்தனையும் எதிர்முனையில் கேட்கிறது! கீபோர்டில் ஸ்பீக்கர் படம் போட்ட மியூட், உங்கள் ஸ்பீக்கரைத்தான் அடைக்கும். மைக் திறந்தேதான் இருக்கும். அவர்கள் பேசுவது உங்களுக்குக் கேட்காது, நீங்கள் பேசுவது அவர்களுக்குக் கேட்கும். ஆபத்து இரட்டிப்பு. மைக்கை அடைக்க, மைக் படம் போட்ட தனி பட்டன் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் விண்டோஸ் கம்ப்யூட்டரில் கூகுள் மீட்டுக்கு கன்ட்ரோலோடு 'டி', ஜூமுக்கு ஆல்ட்டோடு 'ஏ' என்று பழகிக்கொள்ளுங்கள். புதுக் கீபோர்டு வாங்கியதும் வீட்டிலுள்ள இன்னொரு போனுக்கு வீடியோ கால் போட்டு இதை ஒருமுறை சோதித்துவிட்டால், பின்னால் தர்மசங்கடம் இல்லை.

பாட்டை நிறுத்தும் பட்டனுக்கும் ஒரு குணம். 2019-லிருந்து குரோம் பிரவுசரும் இந்தப் பட்டன்களுக்குக் கட்டுப்படுகிறது. யூடியூப் வீடியோவை வேறு வேலை செய்துகொண்டே நிறுத்தலாம் என்பது வசதி. ஆனால் பாட்டு ஆப் ஒன்றும் வீடியோ ஒன்றும் சேர்ந்து திறந்திருந்தால், பெரும்பாலும் கடைசியாக ஓடியதுதான் பட்டனின் பேச்சைக் கேட்கும். நிறுத்த நினைத்தது ஓடும், ஓட நினைத்தது நிற்கும்.

எஃப் வரிசையைத் தின்னும் பட்டன்கள்

மல்டிமீடியா பட்டன்கள் தனியாக இருக்கின்றனவா, எஃப்1 முதல் எஃப்12 வரையிலான கீகளிலேயே ஒட்டிக்கொண்டிருக்கின்றனவா? வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்விகளில் இதற்குத்தான் முதல் மரியாதை. சிறிய கீபோர்டுகள் பலவற்றில் இரண்டும் ஒன்றுதான். அதிலும் சிலவற்றில் சும்மா அழுத்தினால் மல்டிமீடியா வேலை, 'எஃப்.என்.' கீயோடு சேர்த்து அழுத்தினால்தான் எஃப் வேலை.

டேலி படிக்கும் பிள்ளைக்கு இப்படி ஒரு கீபோர்டை வாங்கிக் கொடுத்தால் அது தண்டனை. டேலியில் எஃப்4 கான்ட்ரா, எஃப்5 பேமென்ட், எஃப்6 ரெசிப்ட், எஃப்7 ஜர்னல், எஃப்8 சேல்ஸ், எஃப்9 பர்ச்சேஸ். கணக்கு எழுதுபவரின் விரல் நாளெல்லாம் அந்த வரிசையில்தான் ஓடும். ஜர்னலுக்கு அழுத்தினால் பாட்டு மாறும், சேல்ஸுக்கு அழுத்தினால் சத்தம் கூடும் என்றால் எப்படி? எக்ஸெலில் எஃப்2-வும் எஃப்4-ம் இல்லாமல் வேலை நகராதவர்களும் உண்டு. சில கீபோர்டுகளில் 'எஃப்.என்.' கீயோடு எஸ்கேப்பை அழுத்தினால் இந்த முறை தலைகீழாக மாறும். கையேட்டில் அந்த வரி இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால், தனி மல்டிமீடியா பட்டன்கள் உள்ள பெரிய கீபோர்டே நல்லது.

பழைய பாணி மல்டிமீடியா கீபோர்டுகளில் 'பவர்', 'ஸ்லீப்' என்று பட்டன்கள் டெலிட் கீக்குப் பக்கத்திலோ அம்புக்குறிகளுக்கு மேலேயோ இருக்கும். யார் செய்த வேலையோ! சேவ் செய்யாத பக்கம் ஒன்று திறந்திருக்கும்போது விரல் தவறினால், கம்ப்யூட்டர் சமத்தாக அணையத் தொடங்கிவிடும். கண்ட்ரோல் பேனலில் 'பவர் ஆப்ஷன்ஸ்' பகுதிக்குப் போய், பவர் பட்டனும் ஸ்லீப் பட்டனும் செய்ய வேண்டிய வேலை 'டூ நத்திங்' என்று மாற்றிவிட்டால் தொல்லை தீரும். கேபினட்டில் உள்ள பவர் பட்டனும் அதே உத்தரவுக்குக் கட்டுப்படும் என்பது நினைவிருக்கட்டும்.

இரண்டு ஷிஃப்ட்டையும் அழுத்துங்கள்

விளக்கும் பட்டனும் எப்படி இருந்தாலும், கீபோர்டின் முதல் வேலை அழுத்திய எழுத்தைத் திரைக்கு அனுப்புவதுதான். நோட்பேடைத் திறந்து, இரண்டு ஷிஃப்ட் கீயையும் ஒன்றாக அழுத்திப் பிடித்தபடி, டைப்ரைட்டிங் வகுப்பில் எல்லோரும் அடித்த 'தி குவிக் பிரவுன் ஃபாக்ஸ்' வாக்கியத்தை ஆங்கிலத்தில் அடிக்கச் சொல்லுங்கள். (இதற்கு இரண்டு பேர் வேண்டும். பிள்ளைகளுக்கு இந்தச் சோதனை ரொம்பப் பிடிக்கும்.) பல கீபோர்டுகளில் பாதி எழுத்துகள் வராது.

அது பழுது அல்ல, அமைப்பு அப்படி. கீகளுக்கு அடியில் குறுக்கும் நெடுக்குமாகக் கம்பிக் கோடுகள் ஓடுகின்றன. எந்தக் கோடும் எந்தக் கோடும் சந்திக்கின்றன என்பதை வைத்துத்தான் எழுத்தைக் கண்டுபிடிக்கிறது. சில கீகளைச் சேர்த்து அழுத்தும்போது எது என்று பிரித்தறிய முடியாமல் போகிறது. சந்தேகம் வந்தால் விட்டுவிடுகிறது. சாதாரணமாக டைப் செய்பவருக்கு இது தெரியவே தெரியாது. கேம் விளையாடும் பிள்ளைக்குத்தான், ஓடிக்கொண்டே திரும்பிக் குதிக்கும் நேரத்தில் கீபோர்டு கைவிடும். பெட்டியில் 'ஆன்டி கோஸ்டிங்' என்று போட்டிருந்தாலும், அது பெரும்பாலும் குறிப்பிட்ட சில கீகளுக்கு மட்டுமே. அவர் எந்தக் கீகளைப் பயன்படுத்துகிறாரோ அவற்றையே சேர்த்து அழுத்திப் பார்ப்பதுதான் சரி.

எழுத்து எப்படி அச்சாகியிருக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் கீ மீது கறுப்பு வண்ணம் பூசி, எழுத்தின் வடிவத்தில் லேசரால் சுரண்டுவது ஒரு முறை. ஆரம்பத்தில் அழகாக இருக்கும். அதிகம் அடிபடும் கீகளில் நாளடைவில் வண்ணமே தேய்ந்து, எழுத்து இருந்த இடம் ஒரு வெளிச்சத் திட்டாகிவிடும். 'டபுள் ஷாட்' என்ற முறையில் எழுத்தும் கீயும் இரண்டு தனித்தனி பிளாஸ்டிக்கால் வார்க்கப்படுகின்றன. எழுத்து தேய்ந்து மறைய வழியில்லை. விலை கொஞ்சம் கூடுதல். நாலைந்து வருடம் ஓட்ட நினைப்பவர்களுக்கு அந்தப் பணம், ஏழு நிற விளக்குக்குக் கொடுக்கும் பணத்தைவிட உருப்படியானது.

இன்னொரு எச்சரிக்கை, தூங்குபவர்களின் சார்பில். வெளிச்சத்தைவிட அவர்களை எழுப்புவது சத்தம். மெக்கானிக்கல் கீபோர்டுகளில் 'ப்ளூ சுவிட்ச்' என்றால் ஒவ்வொரு அடிக்கும் 'க்ளிக்' என்று சொடுக்கும் வகை. 'ரெட்' அப்படிச் சொடுக்காது. இதற்கும் விளக்கின் நிறத்துக்கும் சம்பந்தமே இல்லை. கடையில் போய் 'ப்ளூ கலர் கொடுங்க' என்று கேட்டு, நீல விளக்குக்குப் பதில் விடிய விடியச் சொடுக்கும் கீபோர்டோடு வீட்டுக்கு வந்துவிடாதீர்கள்.

தமிழுக்கு விளக்கு உண்டா?

வரி வரியாக இவ்வளவையும் சோதித்துத் தேர்ந்தெடுத்த கீபோர்டில் எரிவது எல்லாம் ஆங்கில எழுத்துகள்தான். ஆங்கில எழுத்தில் 'அம்மா' என்று ஒலிக்கேற்ப அடித்துத் தமிழாக்கிக்கொள்பவர்களுக்கு இதனால் குறையில்லை. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டித் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 முறையிலோ, பழைய தட்டச்சு முறையிலோ அடிப்பவர்களின் நிலை வேறு. பழகும்வரை தமிழ் எழுத்து ஸ்டிக்கர் ஒட்டித்தான் ஆக வேண்டும். சாதாரண ஸ்டிக்கரை ஒட்டினால் விளக்கு மூடிப்போகும். காசு கொடுத்து வாங்கிய வெளிச்சத்தின் மேல் காகிதத்தை ஒட்டிய கதை.

பின்னணி ஊடுருவித் தெரியும் ஸ்டிக்கர் ஒட்டினால் ஆங்கில எழுத்து தொடர்ந்து எரியும். ஆனால் தமிழ் எழுத்து தானாக ஒளிராது. எரியும் எழுத்துக்குப் பக்கத்தில் அது இன்னும் இருண்டு தெரியும்.

தமிழ்99-ல் பார்க்காமல் அடிக்கப் பழகுவது, நினைப்பதைவிட எளிது. உயிரெழுத்துகள் எல்லாம் இடக்கைப் பக்கம். மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். ஒரே மெய்யை இரண்டு முறை அடித்தால் புள்ளி தானே விழுந்துவிடும். 'க'வை இருமுறை அடித்தால் 'க்க'. ஆங்கில 'எஃப்', 'ஜே' கீகளில் விரலுக்குத் தட்டுப்படும் சின்ன மேடு இருக்கிறதே, தமிழ்99-ல் அவை புள்ளியும் 'ப'வும். விரல் அந்த மேடுகளைக் கண்டுபிடித்துவிட்டால், மற்ற எழுத்துகளின் இடம் பிடிபட விளக்கு தேவையில்லை.

அதுவரை இரவில் தமிழ் அடித்தே ஆக வேண்டியவர்களுக்கு, திங்க்பேட் காட்டிய பழைய வழிதான் கைகொடுக்கும். மேலிருந்து விழும் வெளிச்சத்துக்கு எழுத்து அச்சா, ஸ்டிக்கரா, தமிழா, ஆங்கிலமா என்ற பேதம் கிடையாது. கழுத்தை வளைக்கக்கூடிய சின்ன யூ.எஸ்.பி. விளக்குகள் கடைகளில் கிடைக்கின்றன. அதைக் கம்ப்யூட்டரில் செருகி, திரையின் மீது படாமல், தூங்குபவர் முகத்துக்கு எதிர்ப்பக்கமாகக் கீபோர்டை நோக்கிக் குனிய வைத்தால் போதும். வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பழைய கீபோர்டிலேயே வேலை நடக்கும்.